ஒரு மூலைக்கு நாலரைச் சம்பளம்

சித்திரை மாதத்தில் டெல்டா வயலில் நடந்தவர்களுக்குத் தெரியும். தாளடி நெல்லை அறுத்து, மிச்ச ஈரத்தில் விளைந்த உளுந்தையும் பறித்த பிறகு மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஓர் அடி ஸ்கேலை வெடிப்புக்குள் விட்டால் முழுக்க இறங்கிவிடும். ஐப்பசியில் அதே மண் மழையைக் குடித்து உப்பி, வெடிப்பு இருந்த இடமே தெரியாமல் மூடிக்கொள்ளும். அந்த மண்ணின் மேல் நிற்கும் கட்டடத்தை வருஷம் தவறாமல் யாரோ அடியிலிருந்து தூக்கி இறக்குவது போலத்தான்.

1990-ல் அரசுக் கட்டடப் பணியில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தேன். 2021-ல் ஓய்வு பெறும் வரை பெரும்பாலும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கமே வேலை. அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா அலுவலகம், கிளைச் சிறை என்று பல கட்டடங்களுக்கு எஸ்டிமேட் போட்டிருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "மேடம், கொடுத்த பணத்துக்குள்ள எப்படி முடிக்கிறது?" எந்த சிமெண்ட், எந்தக் கம்பி என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் பணம் வீணாவது பெரும்பாலும் வரைபடத்தில்தான். டெண்டர் விடுவதற்கு முன்பே அது நடந்துவிடுகிறது. அந்தக் கட்டடத்தில் நாளெல்லாம் இருக்கப்போகிறவர்களிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் பாதித் தவறு நடந்திருக்காது.

என் முதல் தவறு 1993-ல். ஒரு தாலுகா ஊரில் சின்ன அலுவலகக் கட்டடம். மேலிடத்திலிருந்து டைப் டிசைன், அதாவது பல ஊருக்கும் பொதுவான வரைபடம், வந்தது. செம்மண் பூமிக்கு என்று வரைந்த வரைபடம் அது. மூன்றடி ஆழத்தில் கருங்கல் அஸ்திவாரம். நானும் மண்ணைப் பார்க்காமல் அப்படியே எஸ்டிமேட் போட்டுவிட்டேன். இரண்டாவது கோடையில் தென்மேற்கு மூலையில் படிக்கட்டு போல விரிசல் ஏறியது. பூசினோம். மழைக்காலத்தில் கதவு சட்டத்தில் இறுகிக்கொண்டது. இழைத்தோம். அடுத்த கோடையில் பூச்சு மறுபடி பிளந்தது. ஆறு வருஷ ரிப்பேர் எஸ்டிமேட்களை ஒருநாள் கூட்டிப் பார்த்தேன். ஆரம்பத்திலேயே அண்டர்ரீம்டு பைல் போட்டிருந்தால் ஆகியிருக்கும் கூடுதல் செலவை அது தாண்டியிருந்தது. அந்தக் காகிதத்தை ரொம்ப நாள் டைரிக்குள் வைத்திருந்தேன்.

அண்டர்ரீம்டு பைல் என்பது ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இப்படிப்பட்ட மண்ணுக்காகவே உருவாக்கியது. ஓர் அடி விட்டத்துக்குக் குறைவான துளையை ஆழமாக இறக்கி, அடியில் வெங்காயம் போல அகலப்படுத்தி, கம்பிக்கூடு வைத்து கான்கிரீட் போடுவார்கள். அந்த வெங்காயத்தின் விட்டம் வழக்கமாகத் தண்டின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு. ஆழம்தான் இதில் உயிர். மேல்மண் கோடையில் சுருங்கி மழையில் உப்பினாலும், ஓர் ஆழத்துக்குக் கீழே ஈரம் வருஷம் முழுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். இப்படி உப்பிச் சுருங்கும் களிமண் ஆழமாகப் படிந்த இடத்தில் குறைந்தது 3.5 மீட்டர் ஆழம் வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அப்புறம் பைல்களை இணைக்கும் பீம் மண்ணில் உட்காரக்கூடாது. அடியில் மூன்று அங்குலம் போல இடைவெளி வேண்டும். மண் உப்பும்போது அந்த இடைவெளிக்குள் உப்பட்டும். எத்தனையோ இடத்தில் பைலுக்குச் செலவழித்துவிட்டு, சென்ட்ரிங் போடச் சோம்பல்பட்டு, பீமைத் தரையிலேயே வார்த்ததைப் பார்த்திருக்கிறேன். பைலுக்குப் போட்ட பணம் அதோடு போயிற்று.

சின்னக் கட்டடத்துக்குப் பைல் கட்டுப்படியாகாவிட்டால், களிமண்ணை வெட்டி எடுத்து மணல் நிரப்பி அதன் மேல் கட்டலாம். எதுவானாலும் கட்டடத்தைச் சுற்றி ஈரம் சீராக இருப்பதுதான் முக்கியம். மொட்டைமாடித் தண்ணீரைக் குழாயில் இறக்கிச் சுவர் மூலையிலேயே விட்டுவிடுகிறோம். அந்த மூலை மட்டும் உப்புகிறது. மேற்குச் சுவரை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றால் அந்தப் பக்கம் மட்டும் மண் காய்கிறது. செப்டிக் டேங்க் ஊறுகிற இடமும் அப்படித்தான். சுற்றிலும் நாலடி அகலத்துக்குச் சிமெண்ட் தளம் போட்டு, வெளிப்பக்கம் சரிவு கொடுத்து, மழைநீரை வாய்க்கால் வரை கொண்டுபோய் விடுங்கள். எஸ்டிமேட்டைக் குறைக்கச் சொன்னால் எல்லோரும் முதலில் வெட்டுவது இந்தத் தளத்தைத்தான். வருத்தமாக இருக்கும்.

நிலம். அரசுக் கட்டடத்துக்குக் காசு கொடுத்து நிலம் வாங்குவது அபூர்வம். புறம்போக்கு எங்கே இருக்கிறது என்றுதான் தேடுவார்கள். டெல்டாவில் மேடான நிலமெல்லாம் என்றோ கோயிலும் ஊரும் ஆகிவிட்டது. மிஞ்சியிருப்பது வாய்க்கால் ஓரமோ, யாரும் வேண்டாம் என்று விட்ட பள்ளமோதான். ஒரு தடவை அப்படி ஓர் இடம் கொடுத்தார்கள். பங்குனி மாதம் போய்ப் பார்த்தேன். காய்ந்து, சமமாக, ரோட்டை ஒட்டி, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சரி என்று குறிப்பு எழுதிவிட்டேன். கார்த்திகையில் மறுபடி போனபோது முழங்கால் தண்ணீர். பக்கத்து வயல்களின் வடிகால் மொத்தமும் அந்த வழியாகத்தான் போகிறது. நான்கடி சவுடு கொட்டி நிரப்பவேண்டும். நிரப்பினால் மேல்பக்கம் இருக்கிற சம்பா பயிர் மூழ்கும். அங்கே நின்ற விவசாயி ஒருவர், "நீங்க ஆபீசு கட்டுறதுக்கு எங்க நெல்லு சாகணுமாம்மா?" என்று கேட்டார். மேலதிகாரியிடம் போய் என் குறிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அதற்கு வாங்கிய திட்டைப் பற்றி இன்றும் எனக்குக் கவலையில்லை. இலவச நிலத்தை நிரப்புகிற செலவைக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். பல நேரம் அதே ஊரில் மேட்டு நிலத்தைக் காசு கொடுத்து வாங்குவது மலிவாக வரும்.

அதற்குப் பிறகு எந்த இடத்தையும் அடைமழையில் ஒருமுறை பார்க்காமல் ஒப்புக்கொண்டதில்லை. கூடவே அந்தத் தெருவில் வயதானவர்களைத் தேடிப் போய்க் கேட்பேன்: "1977 புயலில் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? நிஷா புயலப்ப?" 2008 நவம்பர் கடைசியில் நிஷா வந்தபோது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்தத் தண்ணீரின் கோட்டைப் பல வீட்டுச் சுவரில் இன்னும் காட்டுவார்கள். பேஸ்மட்ட உயரத்தை அந்தக் கோட்டுக்கு மேலே ஓர் அடியாவது வைத்துக்கொள்ளுங்கள். டெல்டா தாம்பாளம் போலச் சமம். தண்ணீர் வந்தால் சீக்கிரம் வடியாது. நாலு நாள் நிற்கும் தண்ணீரில் ஊறிய பதிவேடுகளை வெயிலில் காயவைத்துப் பிரித்த தாலுகா ஆபீஸ் ஊழியர்களிடம் கேட்டால் அந்த ஓர் அடியின் மதிப்பைச் சொல்வார்கள்.

இனி கிளைச் சிறைக்கு வருகிறேன். இந்த வேலைதான் எனக்குக் கட்டடக்கலையைச் சொல்லிக்கொடுத்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் தாலுகா கச்சேரி வளாகத்துக்குள்ளேயே சின்ன ஜெயிலும் இருக்கும். கருவூலம், பத்திரப்பதிவு, ஜெயில் எல்லாம் ஒரே மதில். பெரும்பாலும் ரிமாண்ட் ஆனவர்களை வைக்கிற இடம் அது. இன்று இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள்தான். அதாவது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். எனக்கு முதலில் ஒரு கிளைச் சிறையின் விரிவாக்க வேலை வந்தபோது இதெல்லாம் தெரியாது. சிறை என்றால் கனமான சுவர், சின்ன ஜன்னல், நிறைய இரும்பு என்றுதான் நினைத்திருந்தேன். என் முதல் வரைபடம் அப்படித்தான் இருந்தது. அது செலவும் அதிகம், வேலைக்கும் ஆகாது.

அளவுகளில் தொடங்குகிறேன். மத்திய உள்துறை அமைச்சகத்தின் 2016-ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேட்டில், பலர் சேர்ந்து தூங்கும் கூடத்தில் ஒருவருக்கு 3.71 சதுர மீட்டர் தரை, 15.83 கன மீட்டர் காற்று, 1.12 சதுர மீட்டர் காற்றோட்டத் திறப்பு என்று இருக்கிறது. ஒரு கூடத்தில் 20 பேருக்கு மேல் கூடாது. தரையளவை மட்டும் எடுத்துக்கொண்டு பத்தடி உயரத்தில் தளம் போட்டால் செங்கல் மிச்சம் என்று நானும் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 3.71-ஐ 3.05-ஆல் பெருக்கினால் 11.3 கன மீட்டர்தான் வருகிறது. 15.83 வரவேண்டுமென்றால் கூரை 4.27 மீட்டரில் இருக்கவேண்டும். அது சரியாக 14 அடி. பழைய கச்சேரிகள் ஏன் அவ்வளவு உயரம் என்று அன்றுதான் புரிந்தது. உயரத்தைக் குறைத்தால் அதற்கு ஈடாகத் தரையைக் கூட்டவேண்டும். தரையைக் கூட்டினால் கூரையும் அஸ்திவாரமும் கூடும். சுவரை நாலடி உயர்த்துவதுதான் அதில் மலிவு. ஜன்னலும் அப்படித்தான். 2015-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள், பகல் வெளிச்சத்திலேயே படிக்கவும் வேலை செய்யவும் முடிகிற அளவுக்கு ஜன்னல் பெரிதாக இருக்கவேண்டும் என்கின்றன. பெரிய ஜன்னல் இருந்தால் பகலில் ஒரு விளக்கும் எரியவேண்டாம்.

அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஒருநாள் மாலை சிறைக்குப் போனேன். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்த ஒரு மூத்த வார்டர் (சிறைக் காவலர்) அங்கே இருந்தார். "நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க சார்" என்று விரித்து வைத்தேன். என்னிடமிருந்து பென்சிலை வாங்கி, வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தார். "ராத்திரி ரெண்டு மணி மேடம். நான் இங்க நிக்கிறேன். எனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டு அந்தப் புள்ளியிலிருந்து கோடுகளாக இழுத்தார். முதல் கூடம் தெரிந்தது. இரண்டாவது கூடத்தில் பாதி தெரிந்தது. கழிப்பறை வரிசையும் அதற்குப் பின்னால் இருந்த நடையும் இருட்டு. "இந்த மூலைக்கு இன்னொரு ஆள் போடணும். போட மாட்டாங்க. அப்ப இங்க என்ன நடந்தாலும் காலையில்தான் தெரியும்" என்றார். என்ன நடக்கும் என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்திலேயே இருந்தது. அடிதடி நடந்த இடமும், ஓர் உயிர் போன இடமும் அவருக்குத் தெரிந்த மூலைகள்தான்.

அன்று இரவு ஒரு கணக்குப் போட்டேன். ஒரு காவல் இடத்தில் 24 மணி நேரமும் ஆள் நிற்கவேண்டும் என்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு ஆறு நாள் பார்த்தால் 48 மணி. அதுவே மூன்றரை ஆள் ஆகிறது. தற்செயல் விடுப்பு, மருத்துவ விடுப்பு, கோர்ட்டுக்குக் கைதியோடு போவது, பயிற்சி எல்லாம் சேர்த்தால் நாலு, நாலரை. கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலை வரைபடத்தில் இருந்தால், அந்தக் கட்டடம் நிற்கும் வரை மாதாமாதம் நாலரைச் சம்பளம். ஆள் போடாவிட்டால் அந்தச் செலவை உள்ளே இருப்பவர்கள் உடம்பால் கொடுப்பார்கள். கழிப்பறை வரிசையைச் செங்குத்தாகத் திருப்பி வைத்தோம். இரண்டு கூடங்களும் ஒரே முற்றத்தைப் பார்க்கும்படி ஆங்கில எல் எழுத்துப் போல மடக்கினோம். எஸ்டிமேட்டில் ஒரு ரூபாய் கூடவில்லை. ஒரு பென்சிலும் ஒரு சாயங்காலமும் போதுமானதாக இருந்தது.

கழிப்பறைத் தடுப்பைப் பற்றி அவரும் நானும் கொஞ்சம் வாதாடினோம். அவருக்கு முழுக்கத் தெரியவேண்டும். மனிதனுக்கு மறைவு வேண்டும் என்பது என் கட்சி. கடைசியில் உட்கார்ந்தால் உடம்பு மறையும், நின்றால் தலை தெரியும் என்ற உயரத்தில் தடுப்புச் சுவர், கதவுக்குக் கீழே கால் தெரியும் இடைவெளி என்று முடிவானது. கையேட்டுப்படி இரவில் 10 பேருக்கு ஒரு கழிப்பறை, பகலில் 6 பேருக்கு ஒன்று. தண்ணீர் தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் போல. இதில் கைவைக்காதீர்கள். காலைக்கடனுக்கு வரிசையில் நிற்கும் இடத்தில்தான் சண்டை பிறக்கும் என்று எல்லா வார்டர்களும் சொல்கிறார்கள். இன்னொன்றையும் அவர்தான் சொன்னார். குழாய்கள், வால்வுகள், மின்பெட்டி எல்லாம் கூடத்துக்கு வெளியே, பின்சுவரை ஒட்டிய நடையில் ஓடவேண்டும். உள்ளே இருந்தால் ஒரு குழாய் ஒழுகினாலும் கூடத்தைக் காலி செய்து, ஆட்களை மாற்றி, பிளம்பருக்கு இரண்டு காவலர் துணை போட்டு, போகும்போது அவர் பையிலிருக்கும் சாமான்களை எண்ணிப் பார்க்கவேண்டும். வெளியே மூன்றடி அகலத்தில் ஒரு நடை விட்டால் பிளம்பர் வருவதும் போவதும் கைதிகளுக்குத் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இதே முறையைப் பிறகு பயன்படுத்தினேன்.

மதில் சுவர்தான் சிறையில் பெரிய செலவு. நிலத்தின் வடிவம் அதை முடிவு செய்கிறது. 2500 சதுர மீட்டர் நிலம் 50-க்கு 50 சதுரமாக இருந்தால் மதில் 200 மீட்டர். அதே பரப்பு 25-க்கு 100 என்று நீளமாக இருந்தால் 250 மீட்டர். கால் பங்கு கூடுதல் சுவர், அதற்கு அஸ்திவாரம், அதன் மேல் வேலி, விளக்கு. அப்புறம் எல்லாக் கட்டடத்தையும் கோட்டை போலக் கட்டத் தேவையில்லை. தூங்கும் கூடத்துக்கும் வாயிலுக்கும் உறுதி வேண்டும். ஆபீஸ், சாமான் அறை, சமையற்கூடம் எல்லாம் சாதாரணக் கட்டடமாக இருக்கலாம். சமையற்கூடத்தை மட்டும் காற்றின் போக்கைப் பார்த்து வையுங்கள். இங்கே கோடை மாலையில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வரும். சமையற்கூடம் அந்தப் பக்கம் இருந்தால் புகையும் வெக்கையும் நேராகக் கூடத்துக்குள் போகும்.

சிறையில் இருப்பவரை உறவினர் வந்து பார்ப்பதை இங்கே மனு பார்ப்பது என்பார்கள். நான் அளவெடுக்கப் போன நாட்களில் எல்லாம் மனு பார்க்க வந்தவர்கள் ரோட்டோரம் வெயிலில் நின்றார்கள். முதல் பஸ் பிடித்து வந்த அம்மாக்கள், இடுப்பில் குழந்தையோடு மனைவிமார். ஒரு பாட்டி மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு சாக்கடைக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். பேரனைப் பார்க்கக் காலை எட்டு மணிக்கு வந்தவர், நான் மதியம் கிளம்பும்போதும் அங்கேயே இருந்தார். திட்டத்துக்கு வேண்டிய அறைகளின் பட்டியலில் இவர்களுக்கு என்று ஒரு வரி கூட இல்லை. ஏனென்றால் இவர்கள் கைதியும் இல்லை, ஊழியரும் இல்லை. மதிலின் வெளிப்புறத்தை ஒட்டி 30 அடி நீளத்துக்கு ஒரு திண்ணை, மேலே ஓட்டுச் சாய்ப்பு, ஒரு குடிநீர்க் குழாய், பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்று சேர்த்தேன். மொத்த எஸ்டிமேட்டில் அது கண்ணுக்கே தெரியாத தொகை. இருந்தும் மேலிடத்தில் இரண்டு முறை அதை அடித்து நீக்கிவிட்டார்கள். மூன்றாவது முறை நேரில் போய்ப் பேசி வாங்கினேன். என் 31 வருஷத்தில் எதற்காவது மார்தட்டிக்கொள்ளலாம் என்றால் அந்தத் திண்ணைக்குத்தான்.

வெக்கையைச் சமாளிக்கப் புதிதாக எதையும் தேடவேண்டியதில்லை. கட்டடத்தின் நீளத்தைக் கிழக்கு மேற்காக வைத்தால் நீண்ட சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும். மேற்கு வெயில் குட்டைச் சுவரில் மட்டும் விழும். அந்தப் பக்கம் படிக்கட்டோ சாமான் அறையோ வைத்துவிடலாம். எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல், கூரைக்குக் கீழே சூடு வெளியேற திறப்பு. மொட்டைமாடியில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து கெட்டித்து, மேலே தட்டோடு பதிக்கும் பழைய முறையை விட்டுவிட்டு வெறும் சிமெண்ட் பூச்சோடு நிறுத்துவது இப்போது பழக்கமாகிவிட்டது. மே மாதம் அந்த அறைக்குள் ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது, அந்தப் பக்கத்துக் கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. சுகாதார நிலையங்களுக்கு நிவாரண வேலையாகப் போனேன். உயரமான கூரையும் எதிரெதிர் ஜன்னலும் இருந்த பழைய கட்டடத்தில் நர்ஸம்மாக்கள் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏசியை நம்பி ஜன்னலை அடைத்துக் கட்டிய புதுப் பகுதியில் உட்கார முடியவில்லை என்று கட்டில்களை வராந்தாவுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள்.

கடலோரம் போனால் வேறு எதிரி. உப்பு. கம்பியைச் சுற்றிப் போதுமான கான்கிரீட் இல்லாவிட்டால் உப்புக்காற்று ஈரத்தோடு உள்ளே போய்க் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கான்கிரீட் பிளந்து விழும். வீட்டுக்குள்ளே காய்ந்த சூழலில் கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் போதும். கடலோரத்தில் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 கேட்பது 45 மில்லிமீட்டர். அதை உறுதி செய்வது சிறிய கவர் பிளாக் கட்டைகள்தான். அதற்குப் பதில் கையில் கிடைத்த ஜல்லிக்கல்லைக் கம்பிக்கு அடியில் சொருகிவிட்டு கான்கிரீட் போடுவார்கள். அது நழுவினால் கம்பி, கான்கிரீட் வார்க்கும் அச்சுத் தகரத்தில் ஒட்டிக்கொள்ளும். கான்கிரீட் போடுகிற நாள் காலையில் நானே குனிந்து ஸ்கேல் வைத்துப் பார்ப்பேன். தண்ணீரும் முக்கியம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கடலோரக் கிராமங்களில் பல கிணறுகளிலும் போர்வெல்களிலும் அது தாண்டும். உள்ளூர் போர்வெல் தண்ணீரிலேயே கலவை போட்டு, பத்து வருஷத்தில் கூரை உதிர்ந்த பள்ளிக் கட்டடத்தை நான்தான் இடிக்க எஸ்டிமேட் போட்டேன். டேங்கர் தண்ணீர் செலவை மிச்சம் பிடித்ததாக அந்தப் பழைய கோப்பில் எழுதியிருந்தது.

2004 ஜூலை 16 பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். கீற்றுக் கூரை, பக்கத்திலேயே சமையல், இறங்க ஒரு குறுகிய படி. அதன் பிறகு மாதக்கணக்கில் பள்ளி பள்ளியாகப் போய்ப் படியின் அகலத்தையும் கதவு திறக்கும் திசையையும் அளந்தோம். கிளைச் சிறைக்குப் போனபோது என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் கதவு திறந்தாவது இருக்கும். பூட்டிய கூடத்தில் 20 பேர் இருக்கும்போது தீப்பிடித்தால்? சாவி யாரிடம் இருக்கும், எத்தனை பூட்டு, எவ்வளவு நேரம்? வார்டரோடு கடிகாரம் வைத்துப் பார்த்தோம். சாவிக்கொத்தில் சரியான சாவியைத் தேடவே நிறைய நேரம் போயிற்று. சாவிகளுக்கு நிறமும் இருட்டில் தடவிப் பார்த்தால் தெரியும் வெட்டுக்குறியும் போட்டோம். ஒவ்வொரு கூடத்துக்கும் முற்றத்துப் பக்கம் இரண்டாவது கதவு வைத்தோம். ஏறக்குறைய காசே ஆகாத வேலை முதலாவது. இரண்டாவதற்கு ஆனது ஒரு கதவின் விலை.

செங்கல் செலவைக் குறைக்க எலிப்பொறிக் கட்டு நல்ல வழி. லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவார்கள். ஒன்பது அங்குலச் சுவருக்கு நடுவே மூன்று அங்குல வெற்றிடம் வரும். கால் பங்கு செங்கல் மிச்சம், சூடும் உள்ளே குறைவாக வரும். இரண்டு அங்கன்வாடிகளில் செய்தேன். ஒன்றில் சரியாக வந்தது, ஒன்றில் வரவில்லை. வராததற்குக் காரணம் உள்ளூர்க் காளவாய் செங்கல். கல்லுக்குக் கல் அளவு மாறினால் இந்தக் கட்டு நிற்காது. அளவு பிசகாத சேம்பர் செங்கல் வேண்டும். கொத்தனாருக்கும் கை பழகவேண்டும். முதல் நாலு வரியை நானும் மேஸ்திரி அண்ணனும் உட்கார்ந்து நூல் பிடித்துக் கட்டிக் காட்டிய பிறகுதான் அவர்களுக்கு நம்பிக்கை வந்தது. சிறைக் கூடத்துக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். உள்ளே வெற்றிடம் இருக்கும் சுவரை உடைப்பது சுலபம், பொருளை ஒளித்து வைப்பதும் சுலபம். ஆபீசுக்கும் திண்ணைக்கும் தாராளமாகச் செய்யலாம்.

டைல்ஸ், பொய்க்கூரை, முகப்பு அலங்காரம், கண்ணாடி, திறப்புவிழாவுக்கான வளைவு எல்லாவற்றையும் தயங்காமல் வெட்டுங்கள். பேஸ்மட்ட உயரம், கம்பி மேல் கான்கிரீட், வடிகால், கூரையின் தட்டோடு, ஜன்னல் ஆகியவற்றைத் தொடாதீர்கள். ஒப்பந்ததாரர் மதிப்பீட்டைவிட ரொம்பக் குறைத்து டெண்டர் எடுத்திருந்தால் அவர் மிச்சம் பிடிக்கப்போவதும் கண்ணுக்குத் தெரியாத இந்த இடங்களில்தான். பூச்சு வேலை தொடங்குவதற்கு முன்பு ஒருமுறை போய்ப் பாருங்கள். பிறகு போனால் ஒன்றும் தெரியாது.

போன கார்த்திகையில் அந்தக் கிளைச் சிறைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓடு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது, யாரோ தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். குழாயில் தண்ணீர் வந்தது. வாசலில் நாங்கள் ஐந்து படி வைத்துக் கட்டியிருந்தோம். இப்போது மூன்றுதான் தெரிகிறது. தார் ரோட்டைப் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு உயர்த்திக்கொண்டே வருகிறார்கள். நாம் நிஷா வெள்ளத்தைப் பார்த்து வைத்த உயரத்தில் இரண்டு படி அப்படியே காணாமல் போய்விட்டது. பணியில் இருந்த வார்டர் பையன் என்னைத் தெரியாதவன். "ரோடு இன்னொரு தடவை போட்டா தண்ணி உள்ள வந்துரும்மா" என்றான். வீட்டுக்கு வந்து, பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புது ரோடு போடவேண்டும் என்று கலெக்டர் அலுவலகத்துக்கு மனு எழுதி, படிகளின் படத்தையும் அளவையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை குறைதீர் நாளில் நேரில் போகவேண்டும்.